மதலேனம்மாளின் ஒறுத்தல்

கோயில் உபதேசியார் இஞ்ஞாசி அந்த அட்டை உண்டியலைக் கத்தரிக்கோலால் வெட்டி மேசைமேல் கவிழ்த்தார். சில்லறை விழவில்லை. ஆரஞ்சு நிற மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதன் முதுகில் 3117 என்று பொறித்திருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'தைரியநாதன், மதலேனம்மாள், பதினாலாம் தெரு' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

பொன்மலை ரயில்வே காலனிக் கோயிலில் ஒவ்வொரு தவக்காலத்துக்கும் வீட்டுக்கொரு உண்டியல் கொடுப்பார்கள். விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நமக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். கறி, காப்பி, வெற்றிலை, சீரியல், எதுவானாலும் சரி. அதில் மிச்சமாவதை உண்டியலில் போட்டால் ஏழைகளுக்குப் போகும். அதற்குப் பெயர்தான் ஒறுத்தல். சும்மா விடுவதில்லை. மகளுக்குக் கல்யாணம் கூடணும், மருமகன் குடியை நிறுத்தணும் என்று ஏதாவதொரு வேண்டுதலை மனசில் வைத்துக்கொண்டுதான் விடுவார்கள்.

அதெல்லாம் சரி, மாத்திரையைப் போய் யாராவது ஒறுத்தல் செய்வார்களா? மதலேனம்மாள் செய்தாள். அவள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எழுபத்தாறு வயது. கறியை டாக்டர் நிறுத்திப் பத்து வருஷமாகிறது. சர்க்கரையை அதற்கும் முன்னால் பிடுங்கிவிட்டார்கள். உப்பு பாதி, எண்ணெய் கால்வாசி, காப்பி காலையில் அரை டம்ளர். சீரியல் பார்க்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஆண்டவருக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தால் விடுவதற்கு வீட்டில் ஒன்றுமே இல்லை. தினமும் ஆசையாக வாயில் போடுவது அந்த ஒரு மாத்திரைதான். நாக்குக்கடியில் வைத்தால் கமலா ஆரஞ்சு மாதிரி இனிக்கும்.

ஒன்பது வருஷமாக அது அறுபத்தைந்து தாண்டியவர்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. முதியோர் உயிர்ச்சத்துத் திட்டம் என்று பெயர். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. காலை ஏழு மணிக்கு மணியடிக்கும். அவரவர் எண் பொறித்த மாத்திரை அவரவர் குழிவில் வந்து விழும். எடுத்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எடுத்ததுதான் பெட்டிக்குத் தெரியும், வாயில் போட்டதா இல்லையா என்பது அதற்கு எங்கே தெரியப்போகிறது? திட்டத்து ஊழியை தமயந்தி முதன்முதலில் வந்து பெட்டியை மாட்டியபோது மதலேனம்மாள் பயந்தாள். "வெறும் வைட்டமின்தாம்மா, பயப்படாதீங்க" என்று தமயந்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். வெறும் வைட்டமின்தானே என்றுதான் மதலேனம்மாள் இப்போது அதை விட்டதும்.

உபதேசியார் ஆளனுப்பிக் கூப்பிட்டதும் தைரியநாதன் என்னவோ ஏதோவென்று வந்தார். பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்த மனிதர். எண்பதைத் தொடுகிற வயதிலும் கைப்பிடி இரும்பாக இருக்கும். மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார், நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமையில் ஒறுத்தல் கிடையாது என்று சாமியாரே சொன்னாலும் மதலேனம்மாள் ஞாயிறுக்கும் விலக்குக் கொடுக்காதவள். எண்ணி முடித்ததும் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நடக்கும்போது அவள் காலிலிருந்து செருப்பு கழன்றுவிடுவதும் அது தெரியாமலே அவள் நடந்துபோவதும். ரசத்தில் இரண்டு தடவை உப்பு. போன வாரம் அவரை அவர் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. வயசாகிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மதலேனம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பெல்லாம் பாத்திரத்தில் இருந்தது, கீரையெல்லாம் குப்பைத் தாளில்.

அவர் கையை விரித்து மாத்திரைகளைக் காட்டினார். "இது என்ன மதலேன்?"

"ஒறுத்தல்."

"சரி. ஈஸ்டர் முடிஞ்சு எட்டு நாள் ஆச்சு. இன்னைக்குள்ளதை எடுத்து வாயில போடு."

"ஈஸ்டர் வரைக்கும்னா நான் நேர்ந்துக்கிட்டேன்?" என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரிட்டோ வர்ற வரைக்கும். அவன் வாசல்ல நின்னு அம்மான்னு கூப்பிடட்டும். அன்னைக்குப் போட்டுக்கறேன்."

தைரியநாதனுக்கு உள்ளே போய் அவளுடைய ஜெபமாலைப் பையைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பார்த்தார். ஈஸ்டருக்குப் பிந்தைய எட்டு மாத்திரையும் அதில் இருந்தது.

பிரிட்டோ அவர்களுடைய ஒரே மகன். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அப்பா அலையாய் அலைந்து வாங்கிக்கொடுத்த ரயில்வே வேலையை உதறிவிட்டு வெளிநாட்டுக்கு வெல்டராகப் போனவன். கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. புறப்படுகிற அன்று தைரியநாதனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "போறவன் போனவனாவே இரு, திரும்பி இந்த வாசல்ல கால வெக்காதே" என்று சொல்லிவிட்டார். பையனுக்கும் அப்பன் ரோஷம். அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு கடுதாசி போல நாலு வரி வரும், அவ்வளவுதான். அதுவும் நின்றுபோயிற்று.

அது ஏன் நின்றது என்பது உலகத்திலேயே தைரியநாதன் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவர் போனுக்கு அழைப்பு வந்தது. யாரோ ஓர் அதிகாரி, நிதானமான ஆங்கிலத்தில். மேடையில் தீ விபத்து. ஏழு பேர். உடல்கள் கிடைக்கவில்லை. அவர் "யெஸ் சார், யெஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே சர்க்கரையும் பாமாயிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மதலேனம்மாளுக்கு அப்போதுதான் இருதயத்தில் அடைப்பு எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதிர்ச்சி ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த மாசம் சொல்லலாம் என்று வைத்தார். அடுத்த மாசம் அவள் கொஞ்சம் தேறி மாடிப்படி ஏறினாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது. இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெயர்தான் தைரியநாதன்.

மறுநாளே அவளைத் திட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தமயந்தியும் கூட வந்தாள். டாக்டர் கயல்விழி சின்ன வயசுப் பெண். மதலேனம்மாளின் பாதத்தில் ஊசியால் தொட்டுப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், மூன்று வார்த்தை சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். ஒன்றுகூட வரவில்லை. மதலேனம்மாளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, இது வைட்டமின் மாத்திரை இல்லை" என்றாள்.

"பின்ன?"

"உள்ள இருக்கிறது ஒரு கிருமி. நல்ல கிருமி. வயசானா சாப்பாட்டுல இருக்கிற வைட்டமினைக் குடல் எடுத்துக்காது. எவ்வளவு மாத்திரை குடுத்தாலும் பாதி வீணாத்தான் போகும். அதனால வைட்டமினைக் குடலுக்குள்ளயே செய்யுற மாதிரி ஒரு கிருமியை வளர்த்தாங்க. அது பழசையெல்லாம் தள்ளிட்டு அது மட்டும் அங்க குடியிருக்கும். ஆனா ரொம்ப நாள் உயிரோட இருக்காது. தினம் புதுசு போய்ச் சேரணும்."

"சேரலைன்னா?"

"பழைய உடம்பும் இல்லை, புதுசும் இல்லைன்னு ஆயிடும். முதல்ல கால் நரம்பு, அப்புறம் ஞாபகம். அப்புறம் இருதயம்."

ஊசி போட முடியாதா என்று அவர் கேட்டார். ஊசி இரண்டு நாள் தாங்கும், பிடித்துவைக்க அந்தக் கிருமி வேண்டும் என்றாள் டாக்டர். சோற்றில் கலந்து கொடுத்தால்? சூடு பட்டால் செத்துவிடும். முழுங்கவைத்தாலும் பிரயோசனமில்லை, நாக்கடியில் இருபது நிமிஷம் எச்சிலில் ஊறினால்தான் அதைச் சுற்றி ஓர் உறை உண்டாகும், உறை இருந்தால்தான் வயிற்றுப் புளிப்பைத் தாண்டும். அதாவது அவளே மனசு வைத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், வேறு வழியே கிடையாது. ஒரு நாள் விடாமல் நாலு வாரம் போட்டால் ஞாபகம் திரும்ப வாய்ப்பிருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம் போடாமலே இருந்தால் அப்புறம் போட்டும் புண்ணியமில்லை.

"இதையெல்லாம் ஏம்மா எங்ககிட்ட முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார் தைரியநாதன்.

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கிருமின்னு சொன்னா பெரியவங்க பயந்துக்குவாங்க, சாப்பிட மாட்டாங்கன்னு மேல முடிவு பண்ணாங்க. உங்க நல்லதுக்குத்தான்னு... அப்படித்தான் சொன்னாங்க, ஐயா."

தமயந்தி அழுதுவிட்டாள். "எனக்கே தெரியாதுப்பா. எங்களுக்கும் வைட்டமின்னுதான் சொல்லிக்குடுத்தாங்க."

தைரியநாதனுக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. எண்பது வயசு வரைக்கும் வாழ்ந்தவனுக்கு ஒரு நிஜத்தைத் தாங்கத் தெரியாதா, நாங்கள் என்ன குழந்தைகளா என்று கேட்க வாயெடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளிடம் மூன்று வருஷமாகத் தான் செய்துகொண்டிருப்பதும் அதேதான் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தார்.

மாத்திரை உண்மையில் என்னவென்று மதலேனம்மாளிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அப்ப இது பெரிய ஒறுத்தல்தான். இவ்வளவு நாளும் சின்னதைத்தான் விட்டிருக்கோமோன்னு எனக்குக் குறையா இருந்துச்சு" என்றாள். பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து, அந்த நேர்ச்சையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன் என்று சிலுவை வரைந்தார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் தெருமுனை தாண்டியதும், "நான் என்ன இவர்கிட்டயா நேர்ந்துக்கிட்டேன்?" என்று கேட்டாள்.

தைரியநாதன் அவளிடம் கெஞ்சினார். சண்டை போட்டார். தானும் மாத்திரை போடமாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க முறுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்; அன்று சாயங்காலம் அவள் அவர் வாயைப் பிடித்துத் திறந்து அவருடைய மாத்திரையைத் திணித்துவிட்டாள். பிரிட்டோ எங்கேயோ தொடர்பில்லாமல் இருக்கிறான் என்று நினைத்திருந்த தமயந்தி ஒரு யோசனை சொன்னாள். பிரிட்டோவின் பழைய குரல் பதிவு இரண்டு இருந்தால் போதும், போனிலேயே அவன் பேசுவது போலச் செய்துவிடலாம். தைரியநாதனுக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் சரி என்றார். குரல் அச்சு அசலாக அவன்தான். அம்மா, நான் சீக்கிரம் வர்றேன், நீ மாத்திரையைப் போட்டுக்க என்றது. மதலேனம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "நீ வா ராசா. வந்து உன் கையால குடு. போட்டுக்கறேன்" என்றாள். தைரியநாதன் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். செத்த பிள்ளையைப் பேசவைத்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி அந்த வேலை வேண்டாம் என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டார்.

இதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. அவளுக்குச் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. நேற்று நடந்தது இன்றைக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் பழசெல்லாம் கல்லில் வெட்டியதாக இருந்தது: கல்யாணச் சேலையின் நிறம், பிரிட்டோவுக்கு அம்மை போட்ட வருஷம், விபூதிப் புதனன்று நேர்ந்துகொண்ட நேர்ச்சை. மறந்து தொலைக்கட்டும் என்று அவர் ஏங்கிய அந்த ஒன்றை மட்டும் அவள் மறக்கவே இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை. ஏழு மணிக்குப் பெட்டி மணியடித்தது. தைரியநாதன் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மதலேன், பிரிட்டோ வரமாட்டான்."

"வருவான். உங்க வாய்ல ஏன் எப்பவும் அந்தப் பேச்சே வருது?"

"அவன் இல்லை மதலேன். மூணு வருஷமாச்சு. மார்ச் ஒம்பது. அந்த மேடையில தீப்பிடிச்சிடுச்சு. எனக்குப் போன் வந்துச்சு. உனக்கு நெஞ்சுல அடைப்பெடுத்த நேரம். சொல்லலை. அப்புறம்... சொல்லத் தெரியலை."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் கையை ஓங்கி அவர் நெஞ்சில் அடித்தாள். பலமில்லாத கை, ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் தடுக்கவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெற்றபோது கத்தினாளோ என்னவோ, அப்படி ஒரு குரலில் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். ஞாபகம் தப்பி அழுகிறாள் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அவள் கேட்டாள், "அன்னைக்குச் சாப்பிட்டிருப்பானா?" தெரியாது என்றார் அவர். அவர் கையில் வியர்த்துப் பிசுபிசுத்துக் கிடந்த மாத்திரையைப் பார்த்தாள். "இனிமே யாருக்காக நான் இதை விடணும்?" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

இருபது நிமிஷம் நாக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தைரியநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லிவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது, இனி நாலு வாரம்தான் என்று அந்தப் பாழாய்ப்போன மனசு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதுகூட உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெட்டி மணியடித்தது. மதலேனம்மாள் தலை சீவிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் மாத்திரையை நீட்டினார்.

"வேண்டாங்க. பிரிட்டோ வரட்டும்" என்றாள்.

என்னத்தைச் சொல்ல. அவர் மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டார். மறுபடியும் சொன்னார். அவளுக்கு அது மறுபடியும் முதல் தடவைதான். அதே கத்தல், அதே குனிதல், சாப்பிட்டிருப்பானா என்ற அதே கேள்வி. மூன்றாம் நாளும் அப்படியே, நாலாம் நாளும் அப்படியே. ஒரு தாய்க்குப் பிள்ளை ஒரு தடவை செத்தாலே தாங்காது. தினம் காலை ஏழு மணிக்கு அவளுக்குப் பிரிட்டோ செத்துக்கொண்டிருந்தான், கொன்றுகொண்டிருந்தது தான்தான் என்றே தைரியநாதன் நினைத்தார். சொன்னால்தான் மாத்திரை, மாத்திரைதான் அவள் உயிர்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் அபூர்வமாக நல்ல கனவு கண்டு எழுந்திருந்தாள். மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அவருக்கு விபூதிப் புதனன்று மடித்துவைத்த பழைய வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் இவள் பாடட்டுமே என்று மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து இரண்டாம் நாள் அவள் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவி விழுந்தது, விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் கோபிக்கவில்லை. முதல்லேருந்து ஆரம்பிக்கணும் ஐயா என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் அவள் அழுத அந்தப் பதினொரு காலையும் வீண். இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்ன காரியம் செய்தாய் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட விடவில்லை. தமயந்தி வந்து பார்த்துவிட்டுத் தாங்கமுடியாமல், இன்னைக்கு நான் சொல்லட்டுமாப்பா என்று கேட்டாள். "வேண்டாம்மா. அவனைப் போன்னு சொன்னவன் நான்தான். நானே சொல்றேன்" என்றார். அதுவரை அவளிடம் சொல்லாத இன்னொன்றையும் சொல்ல ஆரம்பித்தார். திரும்பி வாசல்ல கால வெக்காதேன்னு நான் சொன்னதாலதான் அவன் வரவே இல்லை மதலேன், வந்திருந்தா உயிரோட இருந்திருப்பான் என்றார். அவள் அதற்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தீர்ப்புச் சொன்னாள். ஒரு நாள் அவர் முகத்தில் துப்பினாள். ஒரு நாள் அவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். ஒரு நாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், மாத்திரையைக் கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொண்டாள். அவர் மன்னிக்கப்பட்டதும் மன்னிக்கப்படாததும் மறுநாள் காலையோடு அழிந்துபோயிற்று. நேற்று அவள் துடைத்த கண்ணீருக்கு நன்றி சொல்லக்கூட அவருக்கு வழியில்லை, ஏனென்றால் துடைத்தவளுக்கே அது தெரியாது.

வாரங்கள் போயின. பாதத்தில் ஊசி குத்தியது தெரிகிறது என்றாள். சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை போனாள். தமயந்தி சந்தோஷமாக அதையெல்லாம் எழுதிக்கொண்டாள். ஞாபகம் மட்டும் வரவில்லை. காலையில் அதே அமைதியான முகம், அதே "பிரிட்டோ வரட்டும்". அவருக்கோ சொல்கிற வார்த்தைகள் தேய்ந்துபோயிருந்தன. எதைச் சொன்னதும் அவள் கை எங்கே போகும், எங்கே நிறுத்தினால் அவள் மூச்சு விடுவாள் என்பதெல்லாம் பழகிவிட்டது. பிள்ளை செத்ததைச் சொல்லிப் பழகிவிட்டோமே என்று அதற்காகவும் ஒரு நாள் அழுதார்.

ஜூலை முதல் வாரம். மணியடித்தது. அவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தார். மதலேனம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. காலையில் அவள் கண் ஒருநாளும் வீங்கியிருந்ததில்லை. அவர் சொன்ன பிறகுதான் வீங்கும்.

"மதலேன்..." என்று அவர் தொடங்கினார்.

"வேண்டாங்க. சொல்ல வேண்டாம்." அவள் கையை நீட்டினாள். "நேத்தே சொன்னீங்களே."

அவள் தானே மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாது, வாயில் மாத்திரை இருந்தது. தைரியநாதன் இந்த நாளுக்காகத்தான் இத்தனை நாளும் ஜெபித்திருந்தார். வந்தால் சந்தோஷமாக இருக்கும் என்றும் நினைத்திருந்தார். இதுவரை தினம் காலையில் அவளுக்கு ஒரு மணி நேரமாவது, கண் விழித்ததிலிருந்து மணியடிக்கிற வரைக்கும், மகன் உயிரோடு இருந்தான். இன்றைக்கு அதுவும் போய்விட்டது என்று அவளைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது.

மாத்திரை கரைந்ததும் அவள் கேட்டாள், "மூணு வருஷமும் நீங்க தனியாவா அழுதீங்க?"

அவர் தலையாட்டினார்.

"அவனுக்கு ஒரு பூசைகூட வெக்கலையே நாம. எழுந்திருங்க, சட்டையை மாத்துங்க."

கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் அரை மணி நேரமாயிற்று. நடுவில் செருப்பு கழன்றபோது அவளே நின்று, திரும்பி, மாட்டிக்கொண்டாள். உபதேசியார் இஞ்ஞாசி, யாருக்காக எதற்காகப் பூசை என்ற கருத்தை எழுதுகிற நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவள் நடந்து வருவதைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க அண்ணி. வழக்கமா எழுதறதுதானே? மகன் பிரிட்டோ நல்லபடியா வீடு திரும்ப..." என்று சொல்லிக்கொண்டே பாதி எழுதியும்விட்டார்.

"அதை அடிச்சிடுங்க இஞ்ஞாசி" என்றாள் மதலேனம்மாள். "ஆன்ம இளைப்பாற்றிக்குன்னு எழுதுங்க."

உபதேசியார் பேனாவை நிறுத்திவிட்டுத் தைரியநாதனைப் பார்த்தார். தைரியநாதன் தரையைப் பார்த்தார். உபதேசியார் எழுதியதன் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டார், "இறந்த தேதி, அண்ணி?"

"மார்ச் ஒம்பது. மூணு வருஷம் ஆச்சு."

தடுமாறாமல் சொன்னாள். தைரியநாதன் அந்தத் தேதியை அவளிடம் முப்பத்தேழு தடவை சொல்லியிருந்தார். இந்தத் தடவை அவள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.